எடை குறைந்தாலும் மாதவிலக்கு நிற்கிறது, கூடினாலும் நிற்கிறது. ஏன்?

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு வாசகி (2025 மே 4)

அக்கா, நான் ஓசூரில் கம்பெனி வேலை செய்கிறேன். உடம்பைக் குறைக்கலாம் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் டீயும் பிஸ்கட்டும்தான். எடை நன்றாகவே குறைந்தது, ஆனால் பீரியட்ஸ் நின்றுவிட்டது. கல்யாணம் ஆகாதவள், அம்மாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. என் ரூமில் இருக்கும் தோழிக்கு நேர்மாறு. அவளுக்கு எடை ஏறிக்கொண்டே போகிறது, அவளுக்கும் பீரியட்ஸ் ஒழுங்காக வருவதில்லை, நீர்க்கட்டி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கர்ப்பப்பையில்தான் கோளாறா?

மே 4, இரவு

கர்ப்பப்பையில் இல்லை தங்கச்சி. அதற்கு உத்தரவு மேலிருந்து வர வேண்டும். அது கிளம்பும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ். அங்கே ஆயிரத்துச் சொச்சம் நியூரான்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. பத்தே அமினோ அமிலங்கள் கோர்த்த துணுக்கு அது. நியூரான்கள் சுரக்கும் இப்படிப்பட்ட துணுக்குகளுக்குத்தான் நியூரோபெப்டைடு என்று பெயர். ஜி.என்.ஆர்.எச். ஒரே சீராக ஒழுகிக்கொண்டிருந்தால் பயனில்லை. மணிக்கொரு தரமோ ஒன்றரை மணிக்கொரு தரமோ துடிப்பு துடிப்பாக வந்தால்தான் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் சரியாக அனுப்பும், சினைப்பையில் முட்டை வளரும், மாதவிலக்கு வரும்.

உங்களுக்கு அந்தத் துடிப்பு மந்தமாகியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தோழிக்கு வேகம் கூடியிருக்கலாம். அதனால்தான் வெவ்வேறு வழியில் போன இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறீர்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், அதற்காக மனம் நோக வேண்டாம், யார் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

மே 5, காலை

"நான் சாப்பிடவில்லை என்று மூளைக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தத் தங்கை கேட்டிருக்கிறாள். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன், வருடா வருடம் ஹார்மோன் பாடம் எடுக்கிறேன், ஆனால் இந்தக் கேள்வியை ஒரு மாணவி கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1949இல் எலிகளுக்கு நடுவே ஒன்று அளவு மீறிக் கொழுத்து வளர்ந்தது. எவ்வளவு தின்றாலும் அதற்குப் பசி அடங்கவில்லை. பிறகு அதே ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் என்பவர் அந்த வகைக் கொழுத்த எலியையும் சாதாரண எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி சேர்த்துத் தைத்துப் பார்த்தார். கொழுத்த எலி தீனியைக் குறைத்துக்கொண்டது. சாதாரண எலியின் ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று இதற்கு இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதை 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின். அதைச் சுரப்பது நம் உடம்புக் கொழுப்பே. கொழுப்பு சும்மா தேங்கிக் கிடக்கும் பொருள் என்று நினைக்கிறோம். அது இரவும் பகலும் மூளையோடு பேசிக்கொண்டிருக்கிறது.

லெப்டின் போய்ச் சேரும் இடம் ஹைபோதலாமஸில் ஆர்க்குவேட் என்ற பகுதி. அங்கே எதிரும் புதிருமாக இரண்டு கூட்டம் நியூரான்கள். ஒரு கூட்டம் நியூரோபெப்டைடு ஒய், ஏ.ஜி.ஆர்.பி. இரண்டையும் சுரந்து "சாப்பிடு, செலவைக் குறை" என்கிறது. இன்னொரு கூட்டம் பி.ஓ.எம்.சி. என்ற பெரிய புரதத்தை வெட்டி ஆல்ஃபா எம்.எஸ்.எச். தயாரித்து "போதும்" என்கிறது. லெப்டின் குறைந்தால் முதல் கூட்டத்தின் கை ஓங்கும், இரண்டாவது அடங்கும். பசி வாட்டும்.

பசியோடு இது நிற்பதில்லை. கிஸ்பெப்டின் என்று இன்னொரு நியூரோபெப்டைடு, ஜி.என்.ஆர்.எச். நியூரான்களைத் தட்டிவிடுவது அதன் வேலை. ஜி.என்.ஆர்.எச். நியூரான்களுக்கு லெப்டினை நேராக அறியும் ஏற்பி கிடையாது. நடுவில் இருக்கும் மற்ற நியூரான்கள் வழியாகத்தான் "இருப்பு குறைகிறது" என்ற சேதி கிஸ்பெப்டினுக்கும் அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச்.சுக்கும் போகிறது. சேதி போனதும் துடிப்பு மந்தமாகிறது. உங்கள் வயிறு கிள்ளுவதும் மாதவிலக்கு தள்ளிப்போவதும் அங்கே எடுக்கப்பட்ட ஒரே முடிவு.

மே 5, பிற்பகல்

காலையில் எழுதாமல் விட்ட முக்கியமான சங்கதி. அந்தக் கொழுத்த எலிகள் மலடு. குண்டாக இருப்பதால் குட்டி போடவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தீனியைக் குறைத்து இளைக்க வைத்தாலும் அவை சினைப்படவில்லை. 1996இல் ஃபரித் செஹாப் குழு லெப்டின் கொடுத்த பிறகுதான் பெண் எலிகள் குட்டி போட்டன. ஆக, அவற்றுக்குத் தடையாக இருந்தது பருமன் அல்ல. சேதி போய்ச் சேராததுதான்.

மனிதர்களிலும் அப்படி உண்டு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி குழு எழுதியது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி போட்டதும் ஓயாத பசி அடங்கியது. ஊசியைத் தொடர்ந்தவர்கள் உரிய வயதில் பூப்பெய்தினார்கள். அந்தக் குழந்தைகளை அதுவரை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மே 7

தருமபுரியில் கல்லூரி படித்த காலத்தில் நான் நெடுந்தூர ஓட்டக்காரி. விடியற்காலையில் சேலம் ரோட்டில் ஓடிவிட்டு, விடுதியில் காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வந்து சேருவேன். மதியம் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. மாதவிலக்கு நின்று போனது. பயிற்சி கொடுத்தவர் "ஓடுகிற பெண்களுக்கு இதெல்லாம் சகஜம், போட்டி சமயத்தில் வசதிதானே" என்றார். அம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். ஒரு மருத்துவர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து ஓட்டமே நின்றது. என்ன சாப்பிடுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை.

நான் அப்போது எலும்பும் தோலுமாக இருக்கவில்லை. அதனால் 5ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். பெண்ணின் உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருந்தால்தான் மாதவிலக்கு வரும் என்று 1970களில் ரோஸ் ஃப்ரிஷ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சொன்னார். பெரிய தாக்கம் உண்டாக்கிய கருத்து. ஆனால் மூளை பார்ப்பது சேமிப்பை மட்டும் இல்லை, தினசரி வரவு செலவையும்தான். இதை ஆன் லௌக்ஸ் என்பவரின் சோதனைகள் தெளிவாகக் காட்டின. உண்ட கலோரியில் உடற்பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். அது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால் ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு குலைகிறது. ஐந்து நாளில் யாருக்கும் கொழுப்பு கரைந்துவிடாது. ஓடுவதும் தன்னளவில் கெடுதல் இல்லை. ஓடிச் செலவழித்ததைத் தின்று ஈடு செய்த பெண்களுக்குத் துடிப்பு குலையவில்லை.

ஓசூர்த் தங்கைக்குக் கணக்காகவே சொல்கிறேன். கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், உழைப்புக்குச் செலவானது போக 1,200 கலோரியாவது உடம்புக்கு மிஞ்ச வேண்டும். நீங்கள் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறீர்கள், பஸ்ஸுக்கு நடக்கிறீர்கள். டீயும் பிஸ்கட்டும் ஒரு வேளைச் சோறும் அதற்குக் காணாது.

மாதவிலக்கு வராததை வசதி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. முட்டை வளராவிட்டால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கும், எலும்பு அடர்த்தி குறையும். இருபது வயதுகளில்தான் எலும்பு தன் உச்ச பலத்தைச் சேர்க்கிறது. 2004இல் வந்த ஒரு சிறு ஆய்வில், இப்படி மாதவிலக்கு நின்றுபோன எட்டுப் பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டபோது மூவருக்கு முட்டை வெளியாகும் சுழற்சி திரும்பி வந்தது. லெப்டின் வழியாகத்தான் சேதி போகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. மருந்து என்று கேட்டால் ராத்திரிச் சாப்பாடுதான்.

மே 8

"ஆம்பளைங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே அக்கா" என்று எழுதியிருக்கிறான் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி. ஏன் இல்லை? 1944, 45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் தினம் சுமார் 1,600 கலோரிதான். உடல் எடையில் கால் பங்கு போனது. போர்க்காலப் பஞ்சத்தில் இளைத்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறியத்தான் அந்தச் சோதனை. அந்தப் பையன்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைப் படித்தார்கள், பெண்கள் மீதிருந்த நாட்டம் அடியோடு போய்விட்டது என்றார்கள். ஒரு பக்கம் பசி உச்சத்துக்கு ஏறியது, மறுபக்கம் இச்சை தரைக்கு இறங்கியது. இரண்டும் ஒரே சமயத்தில்.

எடை மிகுந்தாலும் ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரான் இறங்கும். மாதவிலக்கு போல வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

இப்போது அந்தத் தோழிக்கு வருகிறேன். அவளே எழுதியிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்கிறார்களாம். மாங்காய் சீசனில் ஊருக்குப் போனவளின் கையிலிருந்த மாம்பழத்தைச் சித்தப்பா பிடுங்கி வைத்தாராம். கிருஷ்ணகிரிக்காரப் பெண்ணிடம் மே மாதத்தில் மாம்பழத்தைப் பிடுங்குவது என்ன நியாயம்!

கொழுப்பு அதிகம் இருந்தால் லெப்டின் அதிகம், பிறகு ஏன் பசிக்கிறது? லெப்டின் கண்டுபிடித்த புதிதில் உலகமே அதை எதிர்பார்த்தது, ஊசி போட்டால் எல்லோரும் இளைத்துவிடலாம் என்று. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகப் பலன் தரவில்லை. அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் அதைப் போதுமான அளவு கேட்பதில்லை. அதோடு ஒருவர் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தவுடன் லெப்டின் சட்டென்று சரிகிறது, வயிற்றில் சுரக்கும் கிரெலின் ஏறுகிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஹார்மோன் இந்த கிரெலின், பசியைத் தூண்டுவது அதன் வேலை. மெல்போர்னில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களிடம் இந்த மாற்றங்கள் ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருந்தன. அதாவது இளைத்த பிறகும் மூளை பழைய எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்த்து ஒவ்வொரு வேளையும் போராடுகிற பெண்ணைப் பார்த்து "வாயைக் கட்டு" என்பது கொடுமை.

நீர்க்கட்டிக்கு வருவோம். ஸ்கேனில் தெரிவது பெரும்பாலும் பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள், அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. இந்தப் பெண்களில் பலருக்கு ஜி.என்.ஆர்.எச். துடிப்பு அடிக்கடி வருகிறது. எல்.எச். ஏறுகிறது, சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ரத்தத்தில் மிகும் இன்சுலினும் அதே திசையில் தள்ளுகிறது. முகத்தில் முடி, பரு, முட்டை வெளியாகாமை எல்லாம் அதன் விளைவு. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும், ஆகவே எடைதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. எடை கூடியவர்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியாவது திரும்புகிறது. 80 கிலோ இருந்தால் 4 கிலோவிலிருந்து 8 கிலோ. 50 கிலோவுக்கு வந்து நிற்க வேண்டும் என்று யாராவது மிரட்டினால் காதில் வாங்க வேண்டாம்.

பட்டினி கிடக்காதே கண்ணு. களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு முட்டை, கீரை என்று வேளைக்குச் சாப்பிடு. ராகியில் மந்திரம் ஒன்றும் இல்லை, அதற்கும் அளவு உண்டு. ஆனால் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பேக்கரி பப்ஸைவிட வயிறும் நிற்கும். நன்றாகத் தூங்கு. நைட் ஷிப்டு முடிந்து அரைகுறையாகத் தூங்கும் நாட்களில் பசி கூடுவதை நீயே கவனித்திருப்பாய்.

மே 13

அரூர் அண்ணன் எழுதியது: "டீச்சரம்மா, மனுஷருக்குச் சொன்னது மாட்டுக்கும் பொருந்துமா? சிந்து கலப்பு போய் ஹெச்.எஃப். கலப்பு வாங்கினேன். பால் கொட்டுது, ஆனா கன்று போட்டு நாலு மாசமாச்சு, பருவத்துக்கே வரல."

அப்படியே பொருந்தும் அண்ணா. எங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். கன்று போட்ட முதல் வாரங்களில் பால் ஏறும் வேகத்துக்குத் தீனி எடுக்கும் திறன் ஏறுவதில்லை. பசு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கறக்கிறது. விலா எலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரியும். வரவைவிடச் செலவு மிகுந்த அந்தக் காலத்தில் எல்.எச். துடிப்பு மந்தமாகும், சினைப்பை உறங்கும். என் தாத்தா காலத்து ஆலம்பாடி மாடுகளுக்குப் பால் குறைவு, இந்த வகைச் செலவும் குறைவு. ஹெச்.எஃப். கலப்பைக் காய்ந்த சோளத்தட்டை மட்டும் போட்டு ஓட்ட முடியாது.

சினை பிடிக்காத மாட்டைக் குறை சொல்லி அடிமாட்டு விலைக்கு அனுப்பும் முன்னால் தீவனத்தைப் பாருங்கள். கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதமும், போட்ட பின் வரும் மூன்று மாதமும்தான் முக்கியம். பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை மூன்றும் குறையக் கூடாது. கால்நடை மருத்துவர் கருப்பையையும் சினைப்பையையும் கையால் பரிசோதித்து, தேவைப்பட்டால் புசெரலின் ஊசி போடுவார். அது என்ன தெரியுமா? முதல் நாள் சொன்ன ஜி.என்.ஆர்.எச்.சின் மாற்று வடிவம். அந்தத் துணுக்கின் அமைப்பை 1971இல் கண்டறிய ஆண்ட்ரூ ஷாலி குழு லட்சக்கணக்கான பன்றிகளின் ஹைபோதலாமஸைச் சேகரித்து அரைத்தது. ரோஜர் கில்லமின் குழு ஆட்டு மூளைகளில் தேடியது. இருவரும் கடும் போட்டியில் இருந்து, 1977இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த உழைப்புதான் இன்று நம் மாட்டுக் கொட்டகைக்கு ஊசியாக வந்து சேர்கிறது.

ஆட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். கிடா சேர்ப்பதற்கு முந்தைய சில வாரங்கள் பெட்டைக்குத் தீனியைக் கூட்டினால் இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு ஏறும்.

மே 14

மாட்டைப் பற்றி எழுதியதும் பஞ்ச காலம் நினைவுக்கு வந்தது. 1876 முதல் 78 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தை எங்கள் பாட்டி தன் பாட்டி சொன்னதாகச் சொல்வார். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டம். அந்தப் பஞ்சத்தில் மக்கள் செத்தது மட்டுமல்ல, சென்னை மாகாணப் பதிவுகளில் பிறப்பும் சரிந்தது. குடும்பங்கள் பிரிந்து பிழைக்கப் போனது ஒரு காரணம், உடம்பு கருத்தரிக்க மறுத்தது இன்னொரு காரணம். 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்துப் பஞ்சத்திலும் அப்படித்தான், பல பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது, ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு விழுந்தது.

மழை பொய்த்த வருடம் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்களே, மூளை செய்வதும் அதுதான். ஒரு குழந்தையைச் சுமந்து, பால் கொடுத்து ஆளாக்க இருப்புப் போதாது என்று கண்டு ஒத்திப் போடுகிறது. ரத்து செய்வதில்லை. சாப்பாடு திரும்பியதும் பிறப்பும் திரும்பியதற்கு அந்தப் பதிவுகளே சாட்சி.

மே 18

"அப்போ அந்த நியூரோபெப்டைடு ஒய்தான் வில்லன், அதை அடைக்க ஒரு மாத்திரை போதுமே" என்று பாலக்கோட்டுத் தம்பி திரும்பவும் வந்திருக்கிறான். நல்ல கேள்வி தம்பி, மருந்து கம்பெனிகளும் அந்த வழியில் போய்ப் பார்த்தன.

36 அமினோ அமிலம் கொண்ட அந்தத் துணுக்கை 1982இல் ஸ்வீடனில் கசுஹிகோ டடெமோட்டோ, விக்டர் மட் என்ற இருவர் பன்றி மூளையிலிருந்து பிரித்தார்கள். இரண்டே வருடத்தில், அதை எலியின் மூளையில் செலுத்தினால் வயிறு நிறைந்த எலியும் மறுபடி தின்னத் தொடங்குகிறது என்று தெரிந்தது. அதைக் காட்டிய குழுக்களில் ஒன்று ஃப்ளோரிடாவில் சத்ய கல்ராவும் புஷ்பா கல்ராவும் இருந்த குழு. அவர்கள் அடிப்படையில் இனப்பெருக்க ஆராய்ச்சிக்காரர்கள். எல்.எச். எப்படிச் சுரக்கிறது என்று தேடிப் போனவர்கள் பசியில் வந்து முட்டினார்கள். அவர்கள் வேலையில் தெரிந்த இன்னொன்று, ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது இதே துணுக்கு எல்.எச்.சைத் தூண்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது அடக்குகிறது. ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால் இனப்பெருக்கத்தை முடக்குகிறது. இடம், நேரம், கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றே இரண்டு வேலையும் செய்யும். வில்லன் என்று எதைச் சொல்வது?

ஆல்ஃபா எம்.எஸ்.எச். பக்கமும் அதே கதை. அது போய் உட்காரும் ஏற்பி எம்.சி.4. அந்த ஏற்பியைத் தூண்டும் இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019இல் வந்த பிரெமெலனோடைடு, இச்சை குறைந்த பெண்களுக்கு. 2020இல் வந்த செட்மெலனோடைடு, பிறவிக் கோளாறால் அடங்காப் பசி உள்ளவர்களுக்கு. ஒரே ஏற்பி, ஒன்று இச்சைக்கு, ஒன்று பசிக்கு. இவை இரண்டும் உடம்பில் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருக்கின்றன என்று காட்ட இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

மே 20

எடை குறைக்கும் ஊசி பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் பேச்சு அதுவாகவே இருக்கிறது. செமாகுளுடைடு, டிர்செபடைடு இரண்டும் குடலில் உணவு வந்ததும் சுரக்கும் ஜி.எல்.பி.-1இன் வேலையைச் செய்பவை, டிர்செபடைடு அதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்யும். மூளையில் போதும் என்ற உணர்வைக் கூட்டுகின்றன. தேவையுள்ளவர்களுக்கு நல்ல மருந்துகள்தான். எடுப்பவர்களை ஏளனம் செய்ய வேண்டாம்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை இறங்கியதும், வருடக் கணக்கில் வராத முட்டை வெளியாகத் தொடங்கலாம். "எனக்குத்தான் நிற்காதே" என்று இருந்தவர்கள் கருத்தரிப்பதுண்டு. டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, ஆணுறையோ வேறு வழியோ சேர வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். தோழி சொன்னாள், கடையில் கிடைத்தது என்று நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.

மே 25

இதை எழுதாமல் இந்த இழையை விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பெண் குழந்தை வயதுக்கு வருவதும் இதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது. கிஸ்பெப்டின் ஏற்பியில் பிறவிப் பிழை இருந்தால் பூப்பு வருவதில்லை என்று 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. உணவு இருப்பைப் பூப்பின் காலத்தோடு இணைப்பதில் எம்.சி.3 என்ற ஏற்பிக்கு முக்கியப் பங்கு என்று 2021இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. சத்தான சாப்பாடு கிடைக்கும் தலைமுறை, முந்தைய தலைமுறையைவிடச் சீக்கிரம் பூப்பெய்துகிறது. நம் பாட்டிகள் பதினைந்து, பதினாறில் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டில்.

பூப்பு என்பது மூளை "இருப்பு போதும், தொடங்கலாம்" என்று கொடுக்கும் முதல் சேதி. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் உயரம் வளர்கிறது, இடுப்பெலும்பு அகன்றுகொண்டே இருக்கிறது, எலும்பு பலம் சேர்கிறது. முதல் ஓரிரு வருடம் பல சுழற்சிகளில் முட்டையே வெளியாவதில்லை. சேதி கொடுத்த மூளையே இன்னும் முழுதாக வளர்ந்து முடியவில்லை. இதைப் பார்த்து "பொண்ணு தயார்" என்று மாப்பிள்ளை தேடுவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இன்னும் நடக்கிறது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல் தலை நிமிர்ந்து பார்ப்பது என்னால் தாங்க முடியாத விஷயம். பதினெட்டு வயது என்று சட்டம் சொல்வது குறைந்தபட்சம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு போன் போதும், உங்கள் பெயர் வெளியே வராது. இந்த மாதம்தான் தேதி குறிக்கிற மாதம். பக்கத்து வீட்டில் நடந்தால் பேசாமல் இருக்காதீர்கள்.

மே 27

பென்னாகரத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். பையனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது, மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, ராசி பார்த்தாயிற்றாம்.

சில பையன்களுக்குத் தாமதம் பரம்பரையாகவே வரும், தானாகச் சரியாகும். ஆனால் பதினேழு முடிந்து ஒன்றுமே தொடங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அவனிடம் வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள். மல்லி, காபித்தூள், மண்ணெண்ணெய் என்று கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். கருவில் ஜி.என்.ஆர்.எச். நியூரான்கள் உருவாவது மூக்குப் பகுதியில். அங்கிருந்து வாசனை நரம்பின் வழியைப் பிடித்துத்தான் மூளைக்குள் நகர்ந்து போகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் வாசனையும் தெரியாது, பூப்பும் வராது. கால்மன் நோய்க்குறி என்று பெயர். வாசனை தெரிந்தாலும் வேறு காரணங்கள் இருக்கலாம், ஆகவே பரிசோதனை எப்படியும் வேண்டும்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் அண்ணா. காலை வேளையில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரான், எல்.எச்., எஃப்.எஸ்.எச். மூன்றும் பார்ப்பார்கள், கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதும் பார்ப்பார்கள். இது கால்மன் என்றே தெரிந்தாலும் மருந்து இருக்கிறது, மீசையும் குரலும் வரும். பின்னாளில் குழந்தை வேண்டும் என்றால் அதற்கும் தனி ஊசிகள் உண்டு, பலருக்குப் பலன் கொடுத்திருக்கின்றன. பள்ளியில் மற்ற பையன்கள் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.